கன்னி மூலையில் உப்பும் கரியும்

2013இல் வில்லிவாக்கம் பக்கம் இந்தக் கட்டடத்துக்குக் குடி வந்தோம். தரைத்தளத்தில் இரண்டு வீடு, மேலே மூன்று மாடியிலும் இரண்டிரண்டு, ஆக எட்டு வீடுகள். எங்களுடையது இரண்டாவது மாடி. சாவியைக் கையில் கொடுக்கும்போதே வீட்டுக்காரர் சொன்னார்: "கீழே பின்பக்கத்து வீட்டுல ஒரு பெரியவர் தனியா இருக்காரு. அவர்கிட்ட மட்டும் வெச்சுக்காதீங்க."

வெச்சுக்கொள்ள வழியே இல்லை. வணக்கம் சொன்னால் பதில் வராது. ஜன்னல் எப்போதும் பாதி மூடியே இருக்கும். எங்கள் முதல் தீபாவளிக்குப் பலகாரத் தட்டு கொண்டு போனேன். கதவு திறந்தது, ஒரு கை நீண்டு தட்டை வாங்கிக்கொண்டது, கதவு மூடிக்கொண்டது. மறுநாள் காலை தட்டு கழுவித் துடைத்து எங்கள் வாசலில் இருந்தது. பகலில் வெளியே தலை காட்ட மாட்டார். ராத்திரி பத்து மணிக்கு மேல் கையில் டார்ச்சும் ஒரு காய்ந்த மூங்கில் கழியுமாகத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். மழை நாளில் இரண்டு மூன்று சுற்று.

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டும், அவர் செய்ததை எல்லாம் நாங்கள் எப்படிப் புரிந்துகொண்டோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

முதல் மாடி அக்கா தன் ஜன்னல் கம்பியிலிருந்து, சர்வீஸ் ஒயர் இறங்கும் இரும்புக் குழாய் வரைக்கும் இரும்புக் கம்பி கட்டித் துணி காயப் போடுவார். அக்கா ஊருக்குப் போயிருந்த சமயம் பார்த்துப் பெரியவர் அந்தக் கம்பியை வெட்டிப் போட்டுவிட்டார். மூன்றாவது மாடியில் ஏசி வாங்கிய புதிதில் அடிக்கடி பீஸ் போகும். அவர்கள் தடியான செம்புக் கம்பியை மடித்துப் பீஸ் கட்டையில் சுற்றி வைத்தார்கள். ஒரே ராத்திரியில் அதைக் கழற்றிவிட்டுப் பழையபடி மெல்லிய கம்பியைப் போட்டுவைத்தார். மறுபடியும் பீஸ் போனது, மறுபடியும் திட்டு. ஆடியில் தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது கம்பத்தில் கொக்கி போட்டு சீரியல் லைட் எரிய விடுவார்கள். மின்வாரிய ஆபீஸில் சொல்லி அதை அவிழ்க்க வைத்தவரும் இவர்தான். சாமிக்கே ஆகாதவர் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மீட்டர் ரூமுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மெயின்களை எல்லாம் இறக்கிவிட்டு ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தண்ணீர் வடிந்து பக்கத்துத் தெருக்களில் கரண்ட் வந்த பிறகும், காயட்டும் காயட்டும் என்று இரண்டு நாள் சாவியைத் தரவில்லை. போனில் சார்ஜ் இல்லாமல், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் நான் தவித்த தவிப்பில், வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். நனைந்த மீட்டர் போர்டுக்குக் கரண்ட் கொடுத்தால் என்ன ஆகும் என்று எட்டு வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவரை யாரும் கேட்கவும் இல்லை.

இதெல்லாம்கூடச் சரி. உப்பும் கரியும்தான் விஷயத்தைப் பெரிதாக்கியது.

கட்டடத்தின் தென்மேற்கு மூலையில், மதில் ஓரமாக, சிமெண்டு மூடி போட்ட சின்னக் குழி ஒன்று உண்டு. ஒரு சித்திரை மாதத்து மதியம், ஊரே உறங்கும் வெயிலில், பெரியவர் அந்த மூடியைத் திறந்து கடப்பாரையால் எதையோ தோண்டுவதை என் மாமியார் மாடியிலிருந்து பார்த்தார். பக்கத்தில் ஒரு சாக்கு அடுப்புக்கரி, கல்லுப்பு, இரண்டு குடம் தண்ணீர். கரியைப் போட்டு, அதன்மேல் உப்பைக் கொட்டி, மறுபடி கரி, மறுபடி உப்பு. பிறகு தண்ணீர். யாராவது பார்க்கிறார்களா என்று மேலே ஒருமுறை அண்ணாந்து பார்த்தாராம். "கன்னி மூலையில என்னமோ புதைக்கிறான்டி. இது நல்லதுக்கு இல்ல" என்று அத்தை படபடத்துப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மதியமும் அவர் அந்தக் குழியில் தண்ணீர் ஊற்றுவதை எல்லோரும் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்க்க ஆரம்பித்தோம். மூன்றாவது மாடியில் ஒரு கல்யாணம் தட்டிப்போனதற்கும், எதிர்வீட்டில் மாடு செத்ததற்கும் அந்தக் குழியே காரணம் என்று ஆயிற்று. அத்தை எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி வாசலில் வைத்தார். நான் தடுக்கவில்லை. நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டே, பையனை அந்தப் பக்கம் விளையாடப் போகாதே என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

2017 அக்டோபர் கடைசி. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கு மழை விடுமுறை. தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். எட்டு வயதுப் பையன் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டே தெருமுனை வரை போய்விட்டான். அங்கே ஒரு பில்லர் பாக்ஸ் நிற்கிறது. சென்னையில் பல இடங்களில் மின்சாரம் பூமிக்கடியில் கேபிளில் வருகிறது அல்லவா, அதிலிருந்து வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி. எங்கள் தெருப் பெட்டிக்கு அப்போது ஒரு பக்கக் கதவே இல்லை. கப்பல் அதை நோக்கிப் போக, பையனும் பின்னாலேயே போக, பெரியவர் எங்கிருந்தோ வந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் பின்னால் தள்ளினார். மதில் ஓரத்துக் கல்லில் முழங்கை உரசி ரத்தம் வந்துவிட்டது. அவன் அலறிய சத்தம் கேட்டு ஓடினேன்.

தெருவே பார்த்துக்கொண்டிருக்க அவரிடம் சண்டை போட்டேன். "பெத்த பிள்ளை கூட இருந்தா உங்களுக்குத் தெரியும்" என்றேன். அந்தச் சொல்லை என்னால் இன்றுவரை திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. பையனின் வெறுங்காலைப் பார்த்தார். "பையனுக்கு ஒரு ரப்பர் செருப்பு வாங்கிக் குடுங்க" என்றார். திமிரைப் பார் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நவம்பர் 1ஆம் தேதி கொடுங்கையூரில், தேங்கிய மழைநீரில் மின்சாரம் பாய்ந்து இரண்டு சிறுமிகள் இறந்துபோன செய்தி வந்தது. என் பையன் வயதுக் குழந்தைகள். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கை கால் நடுங்கியது. அன்று ராத்திரி கொட்டும் மழையில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். தெருமுனைப் பெட்டியைச் சுற்றிப் பழைய டயர்களை வைத்து, நைலான் கயிறு கட்டி, குடையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். அந்தப் பக்கமாக வந்த ஒவ்வொருவரையும் கழியை நீட்டி எதிர்ப்பக்கம் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பைக்காரர் திட்டிவிட்டுப் போனது மாடி வரைக்கும் கேட்டது. நான் கீழே இறங்கிப் போயிருக்க வேண்டும். வெட்கம் காலைக் கட்டிப்போட்டது.

எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது அடுத்த ஜனவரியில் எங்கள் வீட்டு ஹீட்டர். தை மாதக் குளிருக்கு அத்தை வெந்நீரில்தான் குளிப்பார். ஒரு நாள் காலை, அத்தை குளியலறையில் இருக்கும்போதே எம்.சி.பி., அதாவது அளவுக்கு மீறிக் கரண்ட் பாய்ந்தால் தானாக அணைந்துவிடும் சுவிட்ச், டப்பென்று விழுந்தது. ஏற்றினால் மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறையும் ஏற்றப் போன என் கணவரின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் தம்பிக்குப் போன் செய்தேன். ஹீட்டருக்குள் இருக்கும் சூடேற்றும் கம்பி வெடித்து, கரண்ட் அதன் இரும்பு உடம்புக்கு இறங்கியிருந்தது. "அம்மா ஈரக்கையோட குழாயைத் தொட்டிருப்பாங்களே" என்றார் தம்பி. தொட்டுத்தான் இருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

ஏன் ஆகவில்லை என்று அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொள்ளாமலே நாம் எல்லோரும் வீட்டில் ஹீட்டரும் வாஷிங் மெஷினும் வைத்திருக்கிறோம். மூன்று பின் பிளக்கில் மேலே தடிமனாக இருக்கும் பின்தான் எர்த். இரும்பு உடம்புக்கு வந்துவிட்ட கரண்ட் அந்த ஒயர் வழியாகப் பூமிக்குள் ஓட வேண்டும். பூமிக்குள் போகும் வழியில் தடை குறைவாக, ஐந்து ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது 230 வோல்ட்டுக்கு 46 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைத் தாங்காமல் விழுந்துவிடும். அதே வழி காய்ந்து இறுகித் தடை ஐம்பது ஓம் ஆகிவிட்டால், பாய்வது ஐந்து ஆம்பியர்கூட இல்லை. எம்.சி.பி. அசையாது. ஹீட்டரும் குழாயும் உயிரோடு காத்துக்கொண்டிருக்கும், யாராவது வந்து தொடும் வரைக்கும்.

தம்பி நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பார்த்தார். இரண்டு வோல்ட்தான் காட்டியது. "இவ்வளவு பழைய பில்டிங்ல எர்த்து இப்படி இருந்து நான் பார்த்ததே இல்லக்கா" என்று சொல்லிக் கீழே போனார். நானும் கூடவே போனேன். நேராகத் தென்மேற்கு மூலைக்குப் போய் சிமெண்டு மூடியைத் தூக்கினார். உள்ளே நடுவில் ஒரு இரும்புக் குழாய், அதன் தலையில் ஒரு புனல், சுற்றிலும் ஈரமான கரியும் உப்பும். "இதான்க்கா உங்க எர்த்து குழி. கரி ஈரத்தைப் பிடிச்சு வெக்கும், உப்பு கரண்டைக் கடத்தும். கோடையில மண்ணு காஞ்சிடும், அப்பத் தண்ணி ஊத்தணும். யாரும் ஊத்த மாட்டாங்க. இங்க யாரோ ரொம்ப அக்கறையாப் பார்த்துக்கிறாங்க."

நான் பேசவில்லை. பாதி மூடிய அந்த ஜன்னலைப் பார்த்தேன். மாடிக்குப் போய் அத்தையிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, வாசலில் காய்ந்து கிடந்த எலுமிச்சம்பழத் துண்டுகளைத் தானே கூட்டி அள்ளினார்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். முதல் நாள் கதவு திறக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு சாண் திறந்தது.

"ஐயா, அன்னைக்கு நான் பேசினது..."

"செருப்பு வாங்கியாச்சா?"

"வாங்கிட்டேன் ஐயா."

"ரப்பரா?"

"ரப்பர்தான்."

தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கொடுங்கையூர்ச் செய்தியைப் பார்த்த மறுநாளே கடைக்குப் போய் வாங்கியிருந்தேன் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நன்றி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் நமக்கு ஒரு வேகம் வருகிறது. அது நம் பாரத்தை இறக்கி வைப்பதற்காக. தனிமையைத் தேடிக்கொண்ட ஒரு மனிதரின் கதவை அதற்காக நாம் ஓயாமல் தட்டக் கூடாது. இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். 2019 குடியரசு தினத்தன்று கொடியேற்றிவிட்டு அவருக்குப் பொன்னாடை போர்த்துவது என்று எட்டு வீட்டாரும் கூடிப் பேசி முடிவெடுத்தோம். அன்று விடியற்காலையிலேயே அவர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டார். இருட்டிய பிறகுதான் திரும்பினார். அந்தப் பொன்னாடை இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. அவருக்கு நன்றி சொல்ல வேறு வழி இருந்தது. அவர் சொன்னதைச் செய்வது.

சொல்வது என்றால் வாயால் அல்ல. சீட்டு. காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் குண்டு குண்டாக எழுதி, கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார். முதலில் வந்த சீட்டு: "மோட்டார் சுவிட்ச் மேலே தண்ணீர் சொட்டுகிறது. பார்க்கவும்." பார்த்தேன், மொட்டை மாடிக் குழாயின் கசிவு. சரி செய்ததும் நானும் ஒரு சீட்டு எழுதி அவர் கதவுக்கு அடியில் தள்ளினேன்: "சரி செய்தாயிற்று ஐயா." அப்படி ஆரம்பித்ததுதான். சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

அதில் ஒன்று: "எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றாது. ஆர்.சி.சி.பி. போடவும். 30 மில்லி ஆம்பியர்." கடையில் விசாரித்தபோதுதான் இதன் கணக்கு விளங்கியது. 100 வாட் குண்டு பல்பு எரிய சுமார் 430 மில்லி ஆம்பியர் வேண்டும். அதில் பதினான்கில் ஒரு பங்கு கரண்ட் வழி தவறிப் பூமிக்குள் போனாலே ஆர்.சி.சி.பி. மொத்த சப்ளையையும் வெட்டிவிடும். அது வழி தவறிப் போவது ஒரு மனித உடம்பின் வழியாக இருந்தாலும்தான். எங்கள் வீட்டில் பொருத்திய அன்று அது நிற்கவே இல்லை, விழுந்துகொண்டே இருந்தது. பழைய ஒயரிங்கில் ஹாலின் நியூட்ரலைப் பக்கத்து வீட்டு நியூட்ரலோடு சேர்த்து வைத்திருந்தார்கள். அதைப் பிரித்துச் சரி செய்ய எலக்ட்ரீஷியன் தம்பிக்கு அரை நாள் ஆனது. பாதி வீடுகளில் இந்த இடத்தில்தான் "இது தொல்லை" என்று சொல்லிக் கழற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து கழற்றாதீர்கள், காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். அடுத்த சீட்டு இப்படி வந்தது: "ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு பட்டன். மாதம் ஒரு முறை அழுத்தவும். விழுந்தால் நல்லது. விழாவிட்டால் மாற்றவும்." பால் கணக்கு முடிக்கும் ஒன்றாம் தேதி அன்று நான் அதை அழுத்துகிறேன்.

இன்னொன்று: "துணிக்கு நைலான் கயிறு. கம்பி வேண்டாம்." அதை முதல் மாடி அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா படித்துவிட்டு, "அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கம்பியை வெட்டியது சரி, பீஸ் கட்டையை மாற்றியதும் சரி. சொல்லாமல் செய்தது தப்பு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மெல்லிய பீஸ் கம்பி உருகுவதற்கென்றே இருக்கிறது, தடிக் கம்பி போட்டால் அதற்குப் பதிலாகச் சுவருக்குள் ஒயர் உருகும் என்று ஒரு வரி எழுதி மூன்றாவது மாடிக்காரருக்கும் தள்ளியிருக்கலாம். ஆனால் அவர் முன்பு வாயால் சொல்லிப் பார்த்தவர்தானாம். நாங்கள் வருவதற்கு முன்னால், யாரும் கேட்காமல், கடைசியில் பேசுவதையே விட்டுவிட்டார் என்று பால்காரர் பிறகு சொன்னார்.

ஒரே ஒரு முறை அவர் என்னை வீட்டுக்குள் வரச் சொன்னார். 2021இல், கொரோனா இரண்டாம் அலை அடங்கிய சமயம். மின்வாரியம் 94987 94987 என்று ஒரு எண்ணை வெளியிட்டு, மின்னகம் என்ற பெயரில் எந்த நேரமும் புகார் வாங்க ஆரம்பித்திருந்தார்கள். தனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, போனில் அந்தப் பக்கம் பேசுவது புரியவில்லை, நீ பேசு என்றார். உள்ளே ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் பழைய ரப்பர் கையுறை ஒரு ஜோடி. மேசையில் மூன்று நோட்டுப் புத்தகங்கள். பிரித்துக் காட்டினார். தேதி, எந்தப் பெட்டி, எந்தக் கம்பம், என்ன பழுது, புகார் எண், யார் வந்தார்கள், என்று சரியானது. எங்கள் தெரு, பக்கத்துத் தெரு, பள்ளிக்கூடத் தெரு. பல வருஷக் கணக்கு. மின்னகம் வருவதற்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் நேராக ஆபீஸுக்கு நடந்தே போய் எழுதிக் கொடுத்திருக்கிறார். என் பையன் கப்பல் விட்ட அந்தப் பெட்டிக்கு மட்டும் பதினோரு வரிகள் இருந்தன. அவனைப் பிடித்துத் தள்ளியதற்கு இரண்டு நாள் முன்பும் ஒரு வரி. நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த இத்தனை வருஷமும் அவர் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

போனில் எப்படிப் பேச வேண்டும் என்றும் அவரே சொன்னார். முதலில் வீட்டு மின் இணைப்பு எண்ணைச் சொல், அதை வைத்துத்தான் எந்த ஏரியா ஆபீஸ் என்று பார்ப்பார்கள். "பெட்டி கெட்டுப்போச்சு"ன்னு சொல்லாதே, "கதவு இல்ல, உள்ளே கேபிள் வெளியே தெரியுது, தண்ணி நிக்குது, பள்ளிக்கூடப் பிள்ளைங்க போற வழி"ன்னு சொல். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதே. மறுநாள் அதே எண்ணைச் சொல்லி மறுபடியும் கேள். அன்றைக்குப் பேசிய புகாரை அவர் நான்காவது நோட்டில் என்னையே எழுத வைத்தார். இப்போது அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது.

கையுறையைப் பற்றி நான் கேட்கவில்லை. என் பார்வை போன இடத்தைக் கவனித்து அவரே சொன்னார்.

"ஹெல்பர் பையனோடது. லைனை ஆஃப் பண்ணிட்டுத்தான் ஏறச் சொன்னேன். ஒரு வீட்டுல ஜெனரேட்டர் ஓடிட்டு இருந்துச்சு."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மீதியை நான் பிறகு எலக்ட்ரீஷியன் தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜெனரேட்டரைச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (தெருக் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சுவிட்ச்) இல்லாமல் வீட்டு ஒயரிங்கில் நேராகச் சொருகினால், அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காது. சர்வீஸ் ஒயர் வழியாகத் தெருவுக்குத் திரும்பிப் போகும். அங்கே டிரான்ஸ்பார்மர் அதைத் தலைகீழாக மாற்றிவிடும். 230 வோல்ட்டாகப் போவது கம்பத்தின் உச்சியில் 11,000 வோல்ட்டாக நிற்கும். செத்த லைன் என்று நம்பி அதில் கை வைப்பவரை அது விடாது. புயல் நாட்களில் வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்து ஓட்டுபவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லையென்றால், ஜெனரேட்டரிலிருந்து தனியாக ஒயர் இழுத்து பேனையும் லைட்டையும் அதில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். சுவர் பிளக்கில் சொருகாதீர்கள். நம் வீட்டு வெளிச்சத்துக்காகக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஒரு பிள்ளை அது.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. முன்னெச்சரிக்கையாகச் சென்னையில் பல இடங்களில் மின்வாரியமே சப்ளையை நிறுத்திவிட்டது. எங்கள் தரைத்தளத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. பெரியவருக்கு அப்போது முழங்கால் முடியாமல் போயிருந்தது. மேலே வந்துவிடுங்கள் என்று என் கணவரும் மூன்றாவது மாடிக்காரரும் போய்க் கூப்பிட்டார்கள், வரவில்லை. வற்புறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் இறங்கிப் போனேன். எங்கள் இன்வெர்ட்டரில் உண்மையாகவே ஒரு உறுமல் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஐயா, இன்வெர்ட்டர் ஒரு மாதிரி சத்தம் போடுது. எனக்குப் பயமா இருக்கு. வந்து பார்க்கிறீங்களா?"

டெஸ்டரையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார். பையன் தோள் கொடுத்துப் படியேற்றினான், இப்போது அவரைவிட உயரமாக வளர்ந்த பையன். இன்வெர்ட்டரைப் பார்த்து ஒரு ஒயரை இறுக்கினார், சத்தம் நின்றது. அப்புறம் அவர் கீழே போவதற்கு வழி இல்லை, படிக்கட்டு வரை தண்ணீர். இரண்டு ராத்திரி எங்கள் ஹாலில் தெரு ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். டார்ச்சை அடித்து அடித்துத் தெருமுனைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சப்ளையே இல்லையே ஐயா, தூங்குங்கள் என்றேன். "எப்ப வேணா வரும்" என்றார். அத்தை கஞ்சி காய்ச்சி, சுட்ட அப்பளத்தோடு கொண்டுவந்து வைத்தார். அவர்கள் இருவரும் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. அவர் குடித்து முடித்துக் கிண்ணத்தைக் கழுவப் போக, அத்தை எழுந்து போய் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

முழங்கால் இன்னும் சரியாகவில்லை. குனிந்து நிமிர முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் குழி மூடியைத் தூக்குவது இப்போது நான்தான். உப்பு வருஷத்துக்கு ஒரு தடவை போதும், அதிகமானால் குழாயை அரித்துவிடும், தண்ணீர்தான் முக்கியம் என்று சீட்டு எழுதியிருக்கிறார். கோடையில் புனல் வழியாக மெதுவாக ஊற்ற வேண்டும், மண் குடிக்கும் வேகத்துக்கு. போன ஞாயிறு இரண்டு குடம் ஊற்றிவிட்டு மூடியை இழுத்தேன். பாதி மூடிய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னும் ஒரு குடம்."

குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது ஜன்னல் மூடியிருந்தது.